லண்டனில் ராக்கமின் "ஒரிஜினல்" படம் ஒன்று 180 பவுணுக்கு வருகிறது, வாங்கலாமா?

பரந்தன்_சித்திரம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். பழைய தேவதைக் கதைப் புத்தகங்களுக்குப் படம் கீறியவர்கள்மேல் எனக்குக் கனகாலத்துப் பைத்தியம். ஆர்தர் ராக்கம், எட்மண்ட் டுலாக், கை நீல்சன், ரஷ்யாவின் இவான் பிலிபின், எல்லாருடைய படங்களையும் இணையத்தில் இறக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். வகுப்பில் அதிகம் காட்டுவது ராக்கமின் மரங்களைத்தான். வேர் முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்கும், பட்டையின் சுருக்கத்துக்குள் ஒரு கிழவரின் மூக்கு தெரியும். அதைக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பாலையையோ மருதையோ பார்த்துக் கீறிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால், ஒரு பிள்ளை பாலை மரத்துக்கு முழங்கை வைத்துக் கீறிக்கொண்டு வந்தாள். அவ்வளவு வடிவு.

விஷயம் இதுதான். லண்டனில் இருக்கிற அத்தான் ஒரு இணைய ஏல விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். "ஆர்தர் ராக்கம், பீற்றர் பான், 1906, ஒரிஜினல், கையெழுத்துடன்" என்று போட்டு 180 பவுண் கேட்கிறார்கள். படம் ஒரு கொப்பித் தாளை விடச் சின்னது. தாள் பளபளப்பாக, மெல்லிசாக இருக்கிறதாம். அதை ஒரு தடித்த மண்ணிறத் தாளில் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டியிருக்கிறது, முன்னுக்கு ரிசு மாதிரி ஒரு மெல்லிய தாளும் மூடியிருக்கிறது. கீழ் மூலையில் ராக்கமின் கையெழுத்தும் வருடமும் தெளிவாகத் தெரிகிறது.

சீட்டு விழுந்த காசு கொஞ்சம் கையில் இருக்கிறது. நகை செய்யச் சொல்லி அம்மா நிற்கிறா. எனக்கோ, ஒரு மனிதர் பேனையை அழுத்திக் கீறின அந்தத் தாளையே பிள்ளைகள் ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. எங்கள் பிள்ளைகள் எல்லாப் படத்தையும் ஃபோன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறார்கள்.

இது உண்மையிலேயே அவர் கையால் கீறியதா? இல்லையென்றால் இந்தக் காசுக்கு வேறு எதையாவது அசலாக வாங்க முடியுமா? வாங்கினால் இந்த வெக்கையிலும் மாரி ஈரத்திலும் எப்படிக் காப்பாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மல்லாவி_லண்டன் எழுதியது:

ரீச்சர், முதலில் அத்தானிடம் காசு கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதைப் பிறகு கதைப்போம்.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. மெல்லிய பளபளப்புத் தாள், மண்ணிறத் தாளில் ஒரு விளிம்பு மட்டும் ஒட்டு, மேலே மூடுதாள். இது 1906 இல் வந்த 'கென்சிங்டன் பூங்காவில் பீற்றர் பான்' புத்தகத்திலிருந்து வெட்டி எடுத்த அச்சுப் பக்கம். அந்தப் புத்தகத்தில் இப்படி 50 வண்ணப் படங்கள். கையெழுத்து படத்தோடு சேர்ந்து அச்சானது. ராக்கம் கையால் ஒப்பமிட்ட விசேஷ பதிப்பு ஒன்று 500 பிரதிகள் வந்தது உண்மைதான், ஆனால் அதிலும் அவர் ஒப்பமிட்டது பிரதி எண் போட்ட ஒரு பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு படத்திலும் இல்லை. விற்கிறவர் "ஒரிஜினல்" என்று போடுவது முதல் பதிப்புப் பக்கம் என்ற அர்த்தத்தில் என்று சொல்லித் தப்பிவிடுவார். பழைய அச்சு என்ற வகையில் அது பொய்யான பொருள் இல்லை, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் தேடுகிற பேனை அழுத்தம் அதில் ஒரு துளியும் கிடையாது. அதோடு இப்படிப் பக்கம் பக்கமாக விற்பதற்காகவே நல்ல புத்தகங்களைக் கிழிக்கிறார்கள். அந்த வேலைக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

நான் இதில் கொஞ்சக் காலமாக ஊறிக் கிடப்பதால் ஒன்று சொல்கிறேன். எந்த ஓவியரின் அசலைத் தேடினாலும் அவருடைய புத்தகம் எப்படி அச்சாகியது என்று முதலில் படியுங்கள். அசல் என்று ஒன்று இன்றைக்கு இருக்க முடியுமா என்பதே அதில்தான் தங்கியிருக்கிறது.

குஸ்தாவ் டோரேயை எடுங்கள். 1860களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் பெரோவின் தேவதைக் கதைகளுக்கு அவர் கீறிய சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும் ஒரே கட்டிலில் இருக்கிற படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் அவர் நேரே மரக்கட்டையின்மேல் கீறிக் கொடுப்பார், செதுக்குகிறவர்கள் அந்தக் கோட்டுக்கு மேலேயே உளியை ஓட்டுவார்கள். கட்டை தயாராகும்போது படம் செதுக்கலோடு போய்விடும். ஆகவே டோரேயின் தேவதைக் கதைப் படத்தின் "அசல் கோட்டோவியம்" என்று யாராவது கொண்டு வந்தால் நூறு கேள்வி கேட்க வேண்டும். 1865 இல் வந்த 'அற்புத உலகில் ஆலிஸ்' புத்தகத்துக்கு ஜோன் டெனியல் கீறியதும் அதே வழிதான், டால்ஸியல் சகோதரர்கள் செதுக்கினார்கள். அவருடைய பென்சில் வரைவுகள் சில மிஞ்சியிருக்கின்றன. செதுக்கிய கட்டைகள் லண்டனில் ஒரு வங்கிப் பெட்டகத்துக்குள் கிடந்து 1985 இல்தான் வெளியே வந்தன.

பிறகு கமராவின் காலம் வருகிறது. கோட்டோவியத்தைப் படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சுக்கட்டை செய்யத் தொடங்கினார்கள். அதற்கு ஓவியரின் தாளைத் தொட வேண்டிய தேவையே இல்லை. 1900 ஐ ஒட்டி மூன்று நிற அச்சு வந்தது. நீர்வர்ண ஓவியத்தை மூன்று வடிகட்டிக் கண்ணாடிகளுக்கு ஊடாகப் படமெடுத்து மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடிப்பது. அந்தப் புள்ளி அச்சுக்குப் பளபளப்புத் தாள்தான் சரிவரும், அதனால்தான் படத்தைத் தனியாக அச்சடித்துத் தடித்த தாளில் ஒட்டினார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று இம்மியும் விலகாமல் விழுவது கடினம் என்பதால், ராக்கமின் கறுப்பு மைக் கோடு படத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. மண்ணிறமாக, புகை படிந்த மாதிரி அவர் நிறம் பூசியதும் அந்த அச்சுக்கு நன்றாக ஒத்துப்போனது. டுலாக்குக்கு வேறு வழி. அவர் கோட்டை ஒதுக்கிவிட்டு நீலத்தாலேயே இரவைக் கட்டுவார். அவர் படம் கீற வந்த நேரம் அச்சு அதைத் தாங்குகிற அளவுக்குத் தேறியிருந்தது.

அசல் மிஞ்சியதால் அதை விற்கவும் முடிந்தது. லண்டன் லெஸ்டர் கலரிஸில் 1905 இல் ராக்கமின் 'ரிப் வான் விங்கிள்' படங்களைக் காட்சிக்கு வைத்து விற்றார்கள். 1907 இல் டுலாக்கின் அரபுக் கதைப் படங்கள் 50 ஐ அதே கலரிதான் கீறச் சொல்லி வாங்கி, அச்சுரிமையை வெளியீட்டாளருக்கு விற்றது. நத்தாருக்குப் புத்தகமும் கண்காட்சியும் சேர்ந்து வரும். இன்றைக்குக் கைமாறுகிற அசல்களில் கனக்க அப்படிக் கலரிச் சுவரிலிருந்து ஆட்களின் வீட்டுக்குப் போனவைதான், பின்பக்கம் கலரியின் பெயர்ச்சீட்டு ஒட்டியபடி இருக்கும்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ராக்கமின் நல்ல வண்ண ஓவியம் ஏலத்தில் பல்லாயிரம் பவுண் போகும். சின்ன மைக் கோட்டோவியமே ஆயிரங்களில்தான். 180 பவுணுக்கு ராக்கம் வராது ரீச்சர்.

உறுதிப்படுத்த வேண்டுமென்றால் அத்தானைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றோடு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தின் நிறத்துக்குள் வரிசை வரிசையாக நிறப் புள்ளி தெரிந்தால் அச்சு. கையால் பூசிய நீர்வர்ணத்தில் புள்ளி இருக்காது. மேசையில் தேத்தண்ணி சிந்திக் காய்ந்தால் ஓரம் மட்டும் கறுத்துத் தெரியுமே, அப்படி நிறத்தின் விளிம்பு இருக்கும். பென்சில் கோடு அடியில் தெரியும். பிழைத்த இடத்தில் கத்தியால் சுரண்டித் தாள் பஞ்சு எழும்பியிருக்கும், அல்லது வெள்ளை பூசி மேலே திருப்பிக் கீறியிருக்கும். ஓரத்தில் அச்சகக்காரர் "இத்தனை அங்குலமாகச் சுருக்கு" என்று எழுதியிருப்பார். அச்சுப் பக்கத்தில் இந்த ஊத்தை ஒன்றும் இருக்காது, சுத்தமாக இருக்கும்.


ஒட்டுசுட்டான்_வாசகன் எழுதியது:

மேலே எழுதியவர் விளக்கமாக எழுதியிருக்கிறார், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ரீச்சர், அந்தக் காசை ஏன் லண்டனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருக்கா யோசியுங்கள்.

தேவதைக் கதை என்றால் எங்கள் தலைமுறைக்கு அம்புலிமாமாதான். 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கியது. சங்கர் என்று கையெழுத்துப் போட்ட கே. சி. சிவசங்கரனின் விக்கிரமாதித்தன், ஒரு கையில் வாள், தோளில் வேதாளம், பின்னுக்குச் சுடலை. அந்த ஒரு படத்தை மாதாமாதம் பார்த்துத்தான் எங்களுக்கு இருட்டைக் கீறலாம் என்றே தெரிந்தது. அவர் 2020 இல் தொண்ணூறுகளின் நடுவில் காலமானார், அடுத்த வருடம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அட்டைப் படங்கள் வட்டாதி பாபையாவின் கை. இவர்கள் ராக்கமுக்கு எந்த வகையில் குறைந்தவர்கள்? ராக்கமின் அசல் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று தேடிப் பதிந்து வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுடைய மாசிகைகளுக்குக் கீறினவர்களின் தாள்களைப் பற்றி அப்படிக் கேட்கிறவர்களைக் காண்பது அரிது. மாதாமாதம் கதைக்குப் படம் போட்டுக் கொடுத்த கைகள் இஞ்சையும் இருந்தன. அந்தத் தாள்கள் அச்சகத்தோடு போனது பாதி, இடம்பெயர்வில் போனது மீதி. வன்னியில் இருக்கிற ஆளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இலங்கைக்குள்ளேயே பார்த்தால், சிறுவர் கதை எழுதிப் படமும் கீறின சிபில் வெத்தசிங்க இருந்தவ, 2020 இல் காலமானா. 1956 இல் வந்த அவவின் குடைத் திருடன் கதை சிங்களத்தில் எழுதியது, உலகத்தில் பல மொழிக்குப் போயிருக்கிறது. கொழும்புப் பக்கம் அவவின் படம் ஏதும் முறையாக விலைக்கு வருகிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

நான் சொல்ல வருவது, பிள்ளைகளுக்கு அசலைக் காட்ட வேண்டும் என்றால், பழைய பாடப்புத்தகத்துக்கோ சஞ்சிகைக்கோ படம் கீறின ஆட்கள் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இப்பவும் இருக்கலாம், அவர்களிடம் நேரே போய்க் கேட்டு, உரிய விலை கொடுத்து வாங்குங்கள். அந்தத் தாளைக் கீறின ஆளையே வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வரவும் முடியும். ராக்கம் 1939 இல் செத்துப்போனார்.


பரந்தன்_சித்திரம் எழுதியது:

மல்லாவி அண்ணா, மிச்சம் நன்றி. அத்தான் லென்ஸ் கொண்டு போய்ப் பார்த்தார். பீற்றரின் கன்னத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள். கையெழுத்தின் கோடும் புள்ளியாகத்தான் உடைகிறதாம். அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஒட்டுசுட்டான் அண்ணா, நீங்கள் சொன்னது நெஞ்சில் பட்டது. அம்புலிமாமாவை நானும் விட மாட்டேன், எங்கள் வகுப்பில் வேதாளம் ஏற்கனவே சுவரில் தொங்குகிறது, அச்சில்தான். நம்மவர்களின் தாளைத் தேடுவதை இந்த விடுமுறையிலேயே தொடங்குகிறேன். ஆனால் அதற்காக இவர்களை விட முடியவில்லை. பிலிபினை நினைத்துப் பாருங்கள், பாபா யாகா என்ற சூனியக்கிழவியையும் காட்டையும் அப்படிக் கீறின மனிதர், லெனின்கிராட் முற்றுகைக்குள் ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று நின்று 1942 பெப்ரவரியில் பட்டினியால் இறந்தார். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பெடியன் "ரீச்சர், அவர் அப்ப என்ன கீறிக்கொண்டிருந்தவர்?" என்று கேட்டான். வன்னிப் பிள்ளைகளுக்கு அவர் அந்நியர் இல்லை.

அப்ப எனக்கு இரண்டு கேள்வி மிச்சம். ராக்கம் அளவுக்குப் பெயர் இல்லாத, ஆனால் அதே காலத்துக் கதைப் புத்தகக்காரர் யாருடைய அசலாவது இந்தக் காசுக்குக் கிட்ட வருமா? வந்தால் இங்கே எப்படி வைத்திருப்பது?


வவுனியா_பிறேம்கடை எழுதியது:

வைத்திருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன் பிள்ளை. படத்துக்குக் கண்ணாடி போடுவதுதான் எங்கள் தொழில். ஆனால் எங்கள் கடைகளில் வழமையாகச் செய்கிற முறையில் நீர்வர்ணத்துக்குக் கண்ணாடி போட விடாதீர்கள். சாமிப் படத்துக்கு அது காணும், இதுக்குக் கூடாது.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் திறந்து வெள்ளம் வந்த பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து சனம் கொண்டு வந்த படங்களை நான் மறக்க மாட்டேன். கலியாணப் படம், செத்த பிள்ளையின் ஒரே படம், எல்லாம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. இழுத்தால் முகம் கண்ணாடியில் வரும், தாள் கையில் வரும். காரணம் ஒன்றுதான், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடம் விடவில்லை. ஆகவே முதல் வேலை, நடுவில் சன்னல் வெட்டிய தடித்த மட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். அந்த மட்டை பஞ்சில் செய்த, அமிலம் இல்லாத மட்டையாக இருக்க வேண்டும். சாதாரண மட்டை சில வருடத்தில் படத்தின் ஓரத்தில் மண்ணிறக் கோடு போட்டுவிடும். இங்கே அது லேசில் கிடையாது, கொழும்பில் சொல்லி எடுக்கலாம், அல்லது லண்டனிலிருந்து படத்தோடேயே அத்தானை அனுப்பச் சொல்லுங்கள். பின்னுக்கு ஹார்ட்போட் அடிக்கிறது எங்கள் வழக்கம், அதுவும் அமிலம் கக்கும். படத்துக்கும் அதுக்கும் நடுவில் நல்ல மட்டை இல்லாமல் அடிக்க விடாதீர்கள்.

ஒட்டுகிற விஷயம். செலோடேப், கம், பெவிகோல் ஒன்றும் படத்தில் படக் கூடாது. கோதுமை மாவைச் சுத்தமாகக் காய்ச்சி எடுத்த பசையும் மெல்லிய ஜப்பான் தாளும் போதும், மேல் விளிம்பில் இரண்டு சின்னத் துண்டு, அதில் படம் தொங்க வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் மாரியில் தாள் விரிய இடமில்லாமல் அலையடிக்கும், சோளகத்தில் இறுகிக் கிழியும். இன்னொன்று, பூச்சிக்கு என்று பசைக்குள் மயில்துத்தம் போடுகிற பழைய பழக்கம் இருக்கிறதே, அதைச் செய்யாதீர்கள். பூச்சி வராதுதான், செம்பு தாளைத் தின்றுவிடும். லமினேற் பண்ணுகிறேன் என்று ஆராவது சொன்னால் படத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

எங்கே தொங்கவிடுவது? மழை அடிக்கிற வெளிச்சுவரில் கூடாது, உள்சுவரில். சுவரோடு ஒட்டாமல் பிறேமின் கீழ் இரண்டு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டுங்கள், பின்னுக்குக் காற்று ஓட வேண்டும். வன்னிக் கறையான் சுவரில் மண்பாதை கட்டிக்கொண்டு நேரே பிறேமுக்குள் போகும், இடைவெளி இருந்தால் அந்தப் பாதை கண்ணில் படும். கிழமைக்கு ஒருக்கா பின்னுக்கு ரோச் அடித்துப் பாருங்கள். இராமபாணப் பூச்சிக்குப் பசையும் தாளும்தான் சாப்பாடு, பின்பக்கத்தைத் தாள் நாடாவால் சுற்றி அடைத்தால் உள்ளே போகாது.

வெளிச்சம்தான் பெரிய எதிரி. அருங்காட்சியகங்களில் நீர்வர்ணத்துக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை. எங்கள் வகுப்பறையில் ஒரு பக்கம் அரைச்சுவர்தானே, நடுப்பகலில் அது எத்தனையோ மடங்கு. ஒரு தவணை அங்கே தொங்கினால் மெல்லிய றோசா நிறம் வெளிறத் தொடங்கும், வெளிறினதைத் திருப்ப வழியில்லை. கறுப்பு மைக் கோட்டோவியம் என்றால் பயம் குறைவு. உங்கள் இடத்துக்கு நிறத்தை விட மைக்கோடு நல்லது என்பேன். படத்தை ஒரு தட்டைப் பெட்டியில் வைத்து, படிப்பிக்கிற அன்றைக்கு மட்டும் எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போடுங்கள், மாரிக்கு மாதத்தில் ஒருக்கா மாற்றுங்கள். பாச்சை உருண்டை படத்தோடு சேர்த்து வேண்டாம்.

இன்னுமொன்று, வந்த அன்றைக்கே நல்லபடியாக ஸ்கான் எடுத்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். தாள் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும்தானே. பழைய சஞ்சிகைப் படங்களைத் தேடி எடுத்தீர்கள் என்றால் நூலகம் நிறுவனத்தோடும் கதைத்துப் பாருங்கள், 2005 இலிருந்து ஈழத்து எழுத்துகளை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.


முழங்காவில்_தபால் எழுதியது:

அனுப்புவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அந்த வேலையில் இருந்ததால் தெரியும். சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். பழைய தடித்த தாள் சுருட்டினால் வெடிக்கும், பூசின நிறம் உதிரும். இரண்டு விறைப்பான மட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்து, ஈரம் போகாத உறையில் போட்டு, வருகிற சொந்தக்காரர் யாரிடமாவது கைப்பையில் கொடுத்துவிடுவதுதான் திறம்.

சுங்கத்தில் கையால் கீறிய ஓவியம் 9701 என்ற தலைப்புக்குள் வரும், அச்சுப் படம் 4911. வரி இரண்டுக்கும் ஒன்றல்ல, அதுவும் அடிக்கடி மாறும், ஆகவே அனுப்ப முதல் சுங்கத்தில் கேட்டுவிடுங்கள். பற்றுச்சீட்டில் ஓவியர் பெயர், வருடம், "கையால் வரைந்த மை ஓவியம்" என்ற விபரம், கொடுத்த விலை எல்லாம் இருக்க வேண்டும். விலையைக் குறைத்துப் போடச் சொல்ல வேண்டாம், பிறகு தொலைந்தால் காப்புறுதியும் அந்தக் குறைந்த விலைக்குத்தான். பிரிட்டனில் 50 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளுக்கு ஒரு பெறுமதிக்கு மேல் போனால் ஏற்றுமதி அனுமதி எடுக்க வேண்டும், நீங்கள் கதைக்கிற காசுக்கு அந்தப் பிரச்சினை வராது.


மல்லாவி_லண்டன் எழுதியது:

பிறேம்கடை ஐயா சொன்னது முற்றிலும் சரி. மைக்கோட்டுப் பக்கமே போங்கள், காசுக்கும் அதுதான் கட்டும்.

நீங்கள் தேட வேண்டிய பெயர்களில் முதலாவது எச். ஜே. ஃபோர்ட். அன்ட்ரூ லாங்கின் நிறப் பெயர் வைத்த தேவதைக் கதைப் புத்தகங்கள், 1889 இல் நீலத்தில் தொடங்கி 1910 இல் லைலக்கில் முடிந்த 12 புத்தகம், அதற்குப் படம் கீறியவர். அரக்கன், கடல்பாம்பு, கவசம் போட்ட இளவரசி, எல்லாம் நெருக்கமான மைக்கோடு. ராக்கமின் விலை இவருக்கு இல்லை, ஆனாலும் நல்ல படம் உங்கள் சீட்டுக் காசைத் தாண்டும். சின்னதாக, அத்தியாயத் தலைப்புப் படம் மாதிரி வந்தால் பாருங்கள். இரண்டாவது ஜோன் பட்டன். ஜோசப் ஜேக்கப்ஸ் தொகுத்த இந்தியத் தேவதைக் கதைகள் 1892 இல் இவருடைய படங்களோடு வந்தது. வோரிக் கோபிளும் இருக்கிறார். லால் பிஹாரி தேயின் வங்க நாட்டுக் கதைகளுக்கு 1912 இல் 32 நீர்வர்ணம் கீறியவர், அந்த ராட்சசிகளையும் தாமரைக் குளத்தையும் உங்கள் பிள்ளைகள் பார்த்தால் விட மாட்டார்கள். ஆனால் அவை விலை கூட, வெளிச்சமும் தாங்காது. அவரை இணையத்திலேயே பார்க்கலாம், பதிப்புரிமை முடிந்த புத்தகம், முழுதாக இலவசமாகக் கிடக்கிறது.

இவர்களுக்கும் கீழே, அந்தக் காலச் சிறுவர் ஆண்டு மலர்களுக்குக் கீறிய, இப்போது ஆருமே பேர் சொல்லாத ஓவியர்களின் மைத் தாள்கள் இருக்கின்றன. சில நூறு பவுணுக்குள் வரும், சிலது அதற்கும் குறைவு. பெயரைப் பார்த்து வாங்காமல் கோட்டைப் பார்த்து வாங்குகிற ஆளுக்கு அதில் பொக்கிஷம் இருக்கிறது. நீங்கள் சித்திர ரீச்சர், கோடு உங்களுக்குத் தெரியும். லண்டனில் புத்தக ஓவியங்களுக்கென்றே இருக்கிற கலரிகள் உண்டு. கிறிஸ் பீற்றில்ஸ் கலரி வருடாவருடம் ஓவியர்களின் கண்காட்சி ஒன்று வைக்கும், வாங்காவிட்டாலும் அத்தானைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் அசலைக் கிட்ட நின்று பார்த்த கண்ணை ஏமாற்றுவது கடினம்.

ஒட்டுசுட்டான் தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கை நீல்சனைப் பாருங்கள். 1914 இல் 'சூரியனுக்குக் கிழக்கே சந்திரனுக்கு மேற்கே' கீறி உலகம் முழுக்கப் பெயர் எடுத்தவர், பிறகு அமெரிக்காவில் டிஸ்னியின் ஃபன்டேசியா திரைப்படத்துக்கு வேலை செய்தார், 1957 இல் வறுமையில் இறந்தார். அவருடைய அரபுக் கதை ஓவியங்கள் அவர் உயிரோடு இருக்கும்வரை அச்சேறவே இல்லை, நண்பர்கள் பத்திரமாக வைத்திருந்ததால் 1977 இல் புத்தகமாகியது. எங்கள் ஆட்களின் தாளையும் யாராவது அப்படி வைத்திருக்க வேண்டும். ரீச்சர் இரண்டையும் செய்யட்டும்.


பரந்தன்_சித்திரம் எழுதியது:

அத்தான் ஒரு வியாபாரியிடம் ஃபோர்ட் என்று சொல்லி ஒன்று பார்த்திருக்கிறார். உள்ளங்கை அளவு மைக்கோடு, ஒரு பெண் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறா. கையெழுத்து இல்லை. என் காசுக்குக் கொஞ்சம் மேலே, அத்தான் மிச்சத்தைப் போடுகிறேன் என்கிறார். ஆனால் இதில் கொஞ்சம் நீலம் பூசியிருக்கிறது, புத்தகத்தில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதானே? அதுவே பொய் என்பதற்கு அடையாளமா?


மல்லாவி_லண்டன் எழுதியது:

நிறம் இருப்பதை வைத்து மட்டும் தள்ள வேண்டாம். கறுப்பு வெள்ளையில் அச்சான படத்துக்குப் பிறகு நிறம் பூசுவது அந்தக் காலத்தில் நடந்தது. ராக்கமே 1900 இல் கீறிய கிரிம் கதைப் படங்கள் பலவற்றைத் திருத்தி நிறமேற்றி 1909 இல் புதுப் பதிப்புக்குக் கொடுத்தார். ஓவியர் பூசியதா, பின்னால் வந்த ஆள் விலைக்காகப் பூசியதா என்பதுதான் கேள்வி. நீலம் மைக்கோட்டின் சுரண்டலுக்குள்ளும் ஓடியிருந்தால், கிழிசலுக்குள்ளும் மஞ்சளித்த கறைக்கு மேலாலும் போயிருந்தால், அது பிந்தி வந்த நீலம்.

அத்தானிடம் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். பிறேமிலிருந்து வெளியே எடுத்த பின்பக்கப் படம். நாலு ஓரமும், மட்டை மூடியிருக்கிற இடம் உட்பட, சுருக்க அளவோ அச்சகக் குறிப்போ இருக்கிறதா பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ரோச் பிடித்து எடுத்த படம், அதில் சுரண்டினதும் வெள்ளை பூசினதும் மேடாகத் தெரியும். யாரிடமிருந்து அவர் கைக்கு வந்தது என்ற விபரம் எழுத்தில். ஃபோர்ட் இல்லை என்று பின்னால் தெரிந்தால் காசைத் திருப்பித் தருவேன் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தர வேண்டும், நல்ல வியாபாரி அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

லாங்கின் 12 புத்தகமும் ஸ்கானாக இணையத்தில் இருக்கின்றன. கிணற்றடிப் பெண் எந்தக் கதையில் வருகிறா என்று வகுப்புப் பிள்ளைகளையே தேட விடுங்களேன். பக்கம் கிடைத்தால் இங்கே போடுங்கள், அச்சுப் பக்கத்தையும் அத்தான் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக நான் பார்த்துச் சொல்கிறேன். அச்சில் இருக்கிற படம் சின்னதாக இருக்கும், அசல் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு என்றால் ஆராவது புத்தகத்தில் தாள் வைத்து எடுத்திருக்கலாம், கவனம்.